சைலன்சர் வளைத்த ஓடை

அவருக்கு சைலன்சர் என்று பெயர் வைத்தவர்கள் கல் குவாரியில் அவரோடு வேலை பார்த்த லாரி டிரைவர்கள். பொக்லைன் ஓட்டுகிறவர்கள் பொதுவாகவே கத்திப் பேசுவார்கள். நாள் முழுக்க இன்ஜின் இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றிப் பழகியவர்களுக்கு வீட்டில் உப்பு கேட்பதற்குக்கூடக் கத்தத்தான் வரும். இவர் அதற்குத் தலைகீழ். கேபினுக்குள் ஏறி உட்கார்ந்தால் இறங்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்ல ஒரு விரல். போதும் என்பதற்கு உள்ளங்கை. "அண்ணே, உங்க வண்டிக்கு சைலன்சர் எதுக்கு, நீங்களே போதும்" என்று ஒருவன் விளையாட்டாகச் சொல்லப்போக, அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கூலிச் சீட்டில்கூட அதுதான் இருக்கும்.

வாய்க்குப் பதிலாக அவருக்குக் கை பேசும். ஆள் உயரப் பாறையைப் பக்கெட்டின் பல் நுனியால் புரட்டி எடுத்து, அதை ஒட்டி நிற்கும் தண்ணீர் பாட்டில் சாயாமல் வைத்துவிடுவார். புதிதாக வேலைக்கு வரும் ஆப்பரேட்டர்கள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அவர் லீவர் பிடிப்பதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

வீட்டில் பேசும் வேலையை அவருடைய மனைவி மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். முன்னறையில் தையல் மெஷின் போட்டு பள்ளிச் சீருடை தைப்பவள். மெஷின் ஓடும்போதும் பேசுவாள், ஊசியில் நூல் கோக்கும்போதும் பேசுவாள், நூலை வாயில் கவ்வியிருக்கும்போதும் ஏதோ ஒரு மாதிரி பேசிவிடுவாள். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் கேள்வியும் அவளே, பதிலும் அவளே. அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

ஒரே பையன். கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. போனால் மாதக் கணக்கில் கடலில்தான். அவன் கல்யாணம் செய்துகொண்டு வந்த பெண், ஓடைகளையும் ஆறுகளையும் அளந்து வரைபடம் போடும் ஒரு அலுவலகத்தில் ட்ரோன் பறக்கவிடுகிறவள். அவன் கப்பலுக்குக் கிளம்பியதும் அவள் மாமியார் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். துணிப்பெட்டி ஒன்று, ட்ரோன் பெட்டி இரண்டு. வந்த முதல் வாரமே சமையலறையில் இருந்த பிளக்கையெல்லாம் அவளுடைய பேட்டரிகள் பிடித்துக்கொண்டன.

"ஏம்மா, உன் பறவைங்க எல்லாம் சாப்பிட்டு முடிச்சதும் சொல்லு, நான் மிக்ஸி போடணும்" என்பாள் மாமியார்.

மாமியாரும் மருமகளும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள். சைலன்சர் பாடுதான் திண்டாட்டம். பெண் பிள்ளை வளர்த்த வீடு இல்லை அது. பதினெட்டு வயதிலிருந்து அவர் பழகியதெல்லாம் ஆம்பளைகளோடும் இரும்போடும்தான். மருமகள் ஹாலில் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பாள். அவர் உள்ளே வந்தால் சட்டென்று எழுந்து நிற்பாள். மரியாதைக்குத்தான். ஆனால் தன்னால் ஒரு பெண் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்கிறாளே என்று அவருக்குக் கூச்சம். உட்காரம்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. அந்த ஒரு வார்த்தைதான் வர மாட்டேன் என்றது. ஆகவே பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வரப் பழகிக்கொண்டார். "சாப்டியாம்மா?" என்பார். "சாப்ட்டேன் மாமா" என்பாள். அன்றைய பேச்சுவார்த்தை அதோடு முடிந்தது.

"மாமாவுக்கு என்னைப் பிடிக்கலையா அத்தை?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அவருக்கா? என்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்றதுக்கே அவருக்குப் பையன் பொறக்குற வரைக்கும் ஆச்சு. நீ வந்து வருஷம்கூடத் திரும்பல. இப்பவே அவசரப்பட்டா எப்படி?"

அந்த வருடம் அவளுடைய அலுவலகம் ஊருக்கு மேற்கே ஓடுகிற ஓடையைக் கையில் எடுத்தது. அதில் பக்கவாட்டில் கறுப்புக் கோடு போட்ட ஒரு சின்ன நாட்டு மீன் உண்டு. விரல் நீளம்தான் இருக்கும். வெளியூரிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் வந்த பிறகும், வெயில் கூடிய பிறகும் அது எங்கெங்கே இன்னும் மிச்சம் இருக்கிறது, எந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும், எந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஓடை முழுக்க இறங்கி நடந்து பார்க்க ஒரு வருடம் போதாது. ட்ரோன் என்றால் காற்று இல்லாத காலை வேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் எடுத்து, எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு, ஓடையையே ஒரு துணி மாதிரி மேஜைமேல் விரித்துவிடலாம். ஆழம் எங்கே, நிழல் எங்கே, கூழாங்கல் எங்கே, எல்லாம் தெரியும். சூட்டைப் பார்க்கிற கேமரா ஒன்றும் இருந்தது. அதில் சூடான தண்ணீர் சிவப்பாகவும் குளிர்ந்த தண்ணீர் நீலமாகவும் விழும். கோடையில் அந்த மீன் நீலத்தைத் தேடித்தான் ஒதுங்கும்.

படங்களை ஒட்டுப்போட்டு முடித்த அன்று சாயங்காலம், அத்தைக்குக் காட்ட வேண்டும் என்று ஹால் டிவியில் போட்டாள். சைலன்சர் அப்போதுதான் பின்வாசல் வழியாக வந்து, சமையலறை நிலையில் சாய்ந்து நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். மேலே மலையடியிலிருந்து ஓடை நெளிந்து நெளிந்து வந்தது. வளைவுக்கு வளைவு கரும்பச்சை மடு. மடுவுக்கு மேலே மரம். அங்கங்கே நீலத் திட்டு.

"இங்கெல்லாம் மீன் இருக்கு அத்தை. தண்ணிக்குள்ள கேமராவை விட்டும் பார்த்துட்டோம். கூட்டம் கூட்டமா இருக்கு. இப்ப பாருங்க…"

படம் நகர்ந்தது. ஊர் எல்லையில் ஓடை திடீரென்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேரானது. வளைவு இல்லை, மடு இல்லை, மரம் இல்லை. கேமராவில் அது முழுக்க முழுக்கச் சிவப்பு.

"இந்த நீளத்துக்கு ஒரு மீன்கூட இல்ல. கீழ இருக்கிற மீன் மேல போக முடியாம, மேல இருக்கிறது கீழ வர முடியாம நடுவுல சுவர் வச்ச மாதிரி ஆயிடுச்சு. எந்தப் புண்ணியவான் பண்ணினானோ. ஒரு வளைவையாவது விட்டு வச்சிருக்கலாம். கண்ணை மூடிக்கிட்டு வழிச்சு எடுத்திருக்கான்."

மாமியார் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டில் அது நடக்காத விஷயம். மருமகள் திரும்பிப் பார்த்தாள். அத்தை மடியில் இருந்த துணியைப் பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். சமையலறைப் பக்கம் டம்ளரைக் கழுவி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு பின்கதவு சாத்துகிற சத்தம்.

மறுநாள் காலையில் ஹால் சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அங்கே மாட்டியிருந்த போட்டோவைக் காணோம். பொக்லைன் பக்கெட் மேல் கை வைத்து, ஒல்லியாக, மீசை கறுப்பாக சைலன்சர் நின்றுகொண்டிருப்பார். பின்னால் ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் படத்தை மருமகள் எத்தனையோ முறை துடைத்திருக்கிறாள்.

"அத்தை, அந்த போட்டோ எங்க?"

மாமியார் தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "அவர்தாம்மா கழட்டி வச்சார். அந்த ஓடையை நேர் பண்ணினது அவருதான். பையன் சின்னவனா இருந்தப்போ பெரிய வெள்ளம். தாழ்வான தெருவுல அத்தனை வீட்டுக்குள்ளயும் தண்ணி. இஸ்திரிக் கடை அம்மா வீட்டுல கட்டில் மிதந்துச்சுன்னா பார்த்துக்கோ. ஓடை நேரா இருந்தா தண்ணி சீக்கிரம் ஓடிப்போயிடும்னு இன்ஜினீயர் சொன்னார், இவரு பண்ணினார். ஊரே கைதட்டுச்சு. அதான் அந்த போட்டோ."

மருமகளுக்குக் காது மடல் வரை சூடேறியது. "ஐயோ அத்தை… நான் என்னென்ன பேசிட்டேன்."

"நீ என்ன பண்ணுவ? உனக்கு யார் சொன்னா? எனக்குத்தான் வாய் அடைச்சுப்போச்சு. எனக்கே!" என்று அந்த நேரத்திலும் அவளால் அதிசயப்படாமல் இருக்க முடியவில்லை.

போட்டோ அலமாரிக்குப் பின்னால் இருந்தது. மருமகள் அதைத் தேடி எடுத்து, துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள். சாயங்காலம் அவர் வரும் நேரம் பார்த்துப் பின்வாசல் படியிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் வந்ததும் வழக்கம்போல எழுந்தாள்.

"மாமா, நேத்து நான் சொன்னது…"

"தப்பா ஒண்ணும் சொல்லலையே."

"தெரியாம சொல்லிட்டேன் மாமா."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்ட." சட்டைக் காலரில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அந்தப் படத்தை இன்னொரு தடவ போட முடியுமாம்மா?"

இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முழங்காலில் கையூன்றி, திரைக்கு ரொம்பப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துக்கொண்டார். அந்த நேர்கோட்டை அவள் மெல்ல மெல்ல நகர்த்தினாள். நடுவில் ஒரு இடத்தில், சிவப்புக்குள் நூல் மாதிரி ஒரு நீலம் தெரிந்தது.

"இது என்னன்னுதான் எங்களுக்குப் பிடிபடல மாமா. கேமரா கோளாறுன்னு நினைச்சோம்."

அவர் விரலை அந்த நூலின் மேல் வைத்தார். "ஊத்து."

"அங்க ஊத்து இருந்துச்சா?"

"வண்டியோட சங்கிலிச் சக்கரம் பாதி புதைஞ்சுபோச்சு. கீழ இருந்து ஐஸ் மாதிரி தண்ணி. வேலை நடக்கணுமே. களிமண் கொட்டி அடைச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னும் கசியுதா அது?"

அவர் குரலில் இருந்தது ஆச்சரியமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அவளிடம் பேசிய பேச்சிலேயே நீளமான பேச்சு அதுதான்.

அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருந்த மீன் அதிகாரியை எல்லோரும் தொப்பி சார் என்றுதான் கூப்பிடுவார்கள். மழையோ வெயிலோ தலையில் தொப்பி இருக்கும். கழற்றினால் அடையாளம் தெரியாது. ஊற்று விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தத் துண்டை வளைத்துச் சரிசெய்ய ஏற்கெனவே திட்டம் போட்டு அனுமதியும் வாங்கி வைத்திருந்தார். ஊற்றையும் திறந்துவிட்டால் கோடையிலும் மீனுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். ஓடைக்குள் இறங்கி, கூழாங்கல்லைக் கலைக்காமல், சொன்ன இடத்தில் சொன்ன கல்லை வைக்கிற ஆப்பரேட்டர்தான் அவருக்குக் கிடைக்கவில்லை.

"எங்க மாமா இருக்கார் சார்" என்றாள் அவள். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது சைலன்சர் கேட்டுக்கொண்டார். எழுந்து போய், தன் பழைய ரப்பர் பூட்ஸை எடுத்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார்.

"சரின்னு அர்த்தம்" என்று மொழிபெயர்த்தாள் மனைவி.

வெயில் ஏறுவதற்குமுன் வேலை தொடங்கும். ட்ரோன் மேலே நிற்கும். கரையில் ஒரு மடக்கு மேஜை போட்டு அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஓடைக்குள் அவர் வண்டியோடு இருப்பார். இருவருக்கும் நடுவே பேச ஆளுக்கொரு வாக்கி டாக்கி. அவருடையது ஹெட்போன் மாதிரி காதில் மாட்டுகிறது. வாய்க்கு நேராக மைக் வந்து நின்றதும், முதல் நாள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"மாமா, கேக்குதா?"

வெகு நேரம் கழித்து, "ம்."

"பாறையை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தணும் மாமா."

"ம்."

"மாமா, என் இடது பக்கம் இல்ல, உங்க இடது பக்கம்."

"நீ எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக்கில் அது அவருக்குக் கேட்டுவிட்டது. கேபின் கண்ணாடி வழியாக அவர் தலை லேசாக ஆடியதைத் திரையில் அவள் பார்த்தாள். அன்றிலிருந்து இடது வலது போய், மலைப்பக்கம், ஊர்ப்பக்கம் என்று இருவரும் ஒரு பாஷை வைத்துக்கொண்டார்கள்.

முகத்தைப் பார்த்துப் பேச வராதது, முகம் பார்க்காமல் பேச வந்தது. கல்லைப் பற்றித் தொடங்கிய பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வேறு பக்கமும் போயிற்று. பையன் சின்ன வயதில் பொக்லைன் கேபினில் தூங்கிப்போனது, வீட்டுக்காரி கோபித்துக்கொண்டால் மட்டும் சத்தம் இல்லாமல் தைப்பாள் என்பது, கடலில் இருக்கிற கணவனிடமிருந்து போன் வராத நாட்களில் அவளுக்கு எப்படி இருக்கும் என்பது. "போன் வரலைன்னா கப்பல் நல்லா ஓடுதுன்னு அர்த்தம். இன்ஜின் மக்கர் பண்ணினாத்தான் அவன் மேல வந்து போன்ல புலம்புவான்" என்றார் ஒருநாள். அதைக் கேட்டபிறகு அவளுக்கு அந்த வாரம் முழுக்க மனசு இலேசாக இருந்தது.

ஒருநாள் அவர் பேசிவிட்டு மைக் பொத்தானை அணைக்க மறந்துவிட்டார். அவளுக்குக் காதில் இன்ஜின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பிறகு அதற்குள்ளிருந்து ஒரு பாட்டு வந்தது. பழைய சினிமாப் பாட்டு. சுருதி சுத்தமாக, சங்கதியெல்லாம் வைத்து, சின்னக் குரலில் பாடிக்கொண்டே, மீன் ஒதுங்க நிழலுக்காக ஒரு வேர்க்கட்டையைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார் சைலன்சர். அவர் பாடுவார் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. "மைக் ஆன்ல இருக்கு மாமா" என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. ட்ரோனின் பேட்டரி தீர்ந்து அது இறங்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள். அதை அத்தையிடமும் சொல்லவில்லை.

எல்லாம் ஒரே ஓட்டமாக நடந்துவிடவில்லை. பெரிய வேர்க்கட்டை ஒன்றை அவர் வளைவின் வெளிப்பக்கம் வைத்துவிட, மேலிருந்து பார்த்தால் தண்ணீர் கரையை அரிக்கப் போகிற மாதிரி இருந்தது. எடுத்து மாற்ற வேண்டும் என்றாள் அவள். மாற்றத் தேவையில்லை என்றார் அவர். இருவரும் மைக்கில் கறாராகப் பேசிக்கொண்டதைக் கேட்டு, தண்ணீருக்குள் நின்ற தொப்பி சார் தானும் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கடைசியில் சைலன்சர் இறங்கி வந்து திரையைப் பார்த்தார். "ஆமாம்மா. நான் கீழ இருந்து பார்த்தா தெரியல" என்று சொல்லிவிட்டுப் போய்க் கட்டையைத் தூக்கினார்.

களிமண்ணைத் தோண்டி ஊற்றைத் திறந்த அன்று அவர் அவசரப்படவே இல்லை. பக்கெட்டின் பல்லால் தோல் உரிக்கிற மாதிரி அடுக்கடுக்காக எடுத்தார். கடைசி அடுக்கைப் பக்கெட் தொடவில்லை. இறங்கி, முழங்காலிட்டு, கையாலேயே வழித்தார். மணல் கொதிக்கிற மாதிரிக் குமிழ் விட்டுத் தண்ணீர் மேலே வந்தது. இரண்டு கையையும் அதற்குள் விட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

தாழ்வான தெருவிலிருந்து இஸ்திரிக் கடை அம்மா ஒருநாள் விடுவிடுவென்று வந்து கரையில் நின்றாள்.

"ஏம்ப்பா சைலன்சரு! நீதானே நேர் பண்ணின, இப்ப நீயே கோணல் பண்றியா? திரும்பவும் என் கட்டிலை மிதக்க விடப் பாக்குறியா?"

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். சொல்ல வேண்டியதை மருமகள் சொல்லிவிடுவாள் என்று அவளைப் பார்த்தார். அவள் வேண்டுமென்றே பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சின்னத் தண்ணி வளைஞ்சு போகும். பெரிய தண்ணி வந்தா படுத்து எந்திரிக்க ரெண்டு பக்கமும் அகலம் விட்டிருக்கோம். அன்னிக்கு அந்த அகலம் இல்ல." மூச்சு விட்டுக்கொண்டார். "மிதந்தா முதல்ல உங்க வீட்டுக்குத்தான் நான் வருவேன்."

"வராம எங்க போவ?" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

வேலை முடிந்த கொஞ்ச நாளிலேயே மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்தால் பரவாயில்லை. வானம் கிழிந்த மாதிரிப் பெய்தது. ட்ரோனை வெளியே எடுக்க வழியில்லை. சைலன்சருக்கு வேலையும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை. காலையில் குடையை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போய், செம்மண் நிறத்தில் புரண்டு ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, அப்படியே தாழ்வான தெருவுக்குப் போய் வாசல் வாசலாகப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் மருமகளும் கூடவே கிளம்பினாள். ஒரே குடை. அவர் குடையை அவள் பக்கமே சாய்த்துப் பிடித்ததில் அவருடைய பாதிச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

தண்ணீர் வளைவுகளைத் தாண்டி ஏறியது. விட்டு வைத்த அகலத்தில் படுத்தது. தெருவின் ஓரம் வரை வந்து, இஸ்திரிக் கடைப் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப்போயிற்று. அந்த அம்மா கடை வாசலில் நின்று அவர்கள் இருவரையும் பார்த்தாள். "உள்ள வந்து தலையைத் துவட்டிட்டுப் போங்க" என்றாள்.

மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும் ட்ரோன் ஏறியது. வைத்த கட்டைகளில் இரண்டு அடித்துக்கொண்டு போயிருந்தன. ஒரு வளைவு உடைந்திருந்தது. மீதி நின்றது. மீன்? ஒன்றுகூட இல்லை. தண்ணீருக்குள் கேமராவை விட்டார்கள், கூழாங்கல்லும் பாசியும்தான். தொப்பி சார், "ஆகட்டும், ஆகட்டும், மீனுக்கு யாரும் தந்தி அடிக்கலையே" என்று தன்னையே தேற்றிக்கொண்டார். சைலன்சர் பழையபடி கூலிக்கு வண்டி ஓட்டப் போனார். மாலையில் வந்ததும் அவர் எதுவும் கேட்க மாட்டார். மருமகள் முகத்தை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார். அவள் இல்லை என்று தலையசைப்பாள்.

வெயில் காலம் வந்தது. சூட்டுக் கேமராவில் ஓடையின் அந்தத் துண்டு முன்புபோலச் சிவப்பாக இல்லை. ஊற்றைச் சுற்றி ஒரு நீலக் குளம் படர்ந்து, முதல் வளைவு வரை வால் நீட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. ட்ரோனை இன்னும் தாழ்த்தி இறக்கினாள். கூழாங்கல் படுகையில், மங்கின தரையில் யாரோ சில்லறையை இறைத்த மாதிரி, வெளிர் வட்டங்கள். அந்தக் கோட்டு மீனின் ஆண், முட்டை இடுவதற்கு முன்னால் வாலால் விசிறி விசிறிக் கல்லைக் கழுவி வட்டமாக இடம் பண்ணும். மேலே மலைப்பக்க மடுக்களில் அவள் பார்த்துப் பழகிய வட்டங்கள்தான். இங்கே, களிமண் கொட்டின இடத்திலிருந்து கல்லெறி தூரத்தில், அதே வட்டங்கள்.

அவருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. இன்ஜின் சத்தத்தில் அவருக்குப் போன் கேட்காது. டேப்லெட்டைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

ஊர்க்கோடியில் ஒரு பெரிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார். தூசிக்கு நடுவே ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து லாரி டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். வரிசையில் லாரி நிற்கும்போது சைலன்சர் வண்டியை நிறுத்தியதாகச் சரித்திரமே இல்லை. அன்று நிறுத்தினார். வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, படியில் கால் வழுக்க இறங்கி வந்தார்.

"என்னம்மா? பையனா?"

"இல்ல மாமா. மீனு."

வெயில் திரையில் பட்டுக் கண் கூசியது, ஒன்றும் தெரியவில்லை. அவள் துப்பட்டாவை எடுத்து அவர் தலைக்கும் தன் தலைக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். உள்ளே டீசல் வாசமும் வேர்வை வாசமும். அவர் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"இது என்ன வட்டம்?"

"கூடு மாமா. முட்டை போடப் போகுது."

அவர் விரலால் ஒவ்வொரு வட்டமாகத் தொட்டுக்கொண்டு போனார். ஒரு வட்டத்தின் மேல் கீறல் மாதிரி ஒரு நிழல் நின்றது. அவள் படத்தைப் பெரிதாக்கினாள். பக்கவாட்டில் கறுப்புக் கோடு. அவர் அதைத் தொடவில்லை. தொட்டால் ஓடிவிடும் என்பதுபோல விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வந்துருச்சா" என்றார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "தானா வந்துருச்சா?"

"தானாத்தான் மாமா. யாரும் கொண்டுவந்து விடல."

வெளியே லாரிக்காரர்கள் பொறுமை இழந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டியது. ஹாரன் நின்றது.

இரண்டு மாதம் கழித்துப் பையன் கப்பலிலிருந்து விடுப்பில் வந்தான். வந்த அன்று மத்தியானம் நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தொப்பி சார், மேலே இன்னொரு ஓடையில் இதேபோல ஒரு நேர்த்துண்டு இருப்பதைக் காட்டி, மாமனார் மருமகள் இருவரையுமே கேட்டிருந்தார். வேர்க்கட்டையை எங்கே வைப்பது என்பதில் இருவருக்கும் தகராறு.

"நீ சொல்ற இடத்துல வச்சா முதல் மழைக்கே போயிடும்மா. போன தடவ போன ரெண்டும் நீ சொன்ன இடந்தான்."

"ஒண்ணுதான் மாமா நான் சொன்னது. இன்னொண்ணு நீங்க சொன்னது."

"நான் மலைப்பக்கம்னு சொன்னேன். நீ ஊர்ப்பக்கம்னு கேட்டிருக்க."

"மைக்ல பதிவாகியிருக்கும், போட்டுக் காட்டட்டுமா?"

பையன் சோற்றைப் பிசைந்த கையோடு அப்பாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். அப்பா அவனிடம் அவன் வாழ்நாள் முழுக்கப் பேசியதைவிட, குழம்பு ஊற்றுவதற்குள் அவளிடம் அதிகமாகப் பேசிவிட்டார். அம்மா பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டான்.

"அம்மா, என்ன நடக்குது இங்க?"

"தினமும் இதே கூத்துதான்" என்றாள் அவள், அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டே. "இந்த வீட்டுல இப்பெல்லாம் எனக்கு நடுவுல புகுந்து ஒரு வார்த்தை பேச முடியல. நீயாவது சாப்பிடு."